மிதக்கும் பிக்கப்பும் குழித்தறியும்: ஒட்டுக்கருவிகளின் அரசியல் குறித்துச் சில குறிப்புகள்

1

தொழில்நுட்பம் பற்றி நம்மிடையே நடக்கும் பேச்சு பெரும்பாலும் இரண்டு குரல்களில் முடிந்துபோகிறது. ‘மரபு அழிகிறது’ என்று ஒரு குரல், ‘வளர்ச்சியைத் தடுக்காதே’ என்று இன்னொரு குரல். ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றினாலும் இரண்டுக்கும் பொதுவான பழக்கம் ஒன்று உண்டு. இரண்டுமே திருகாணியைப் பார்ப்பதில்லை. புதிய கருவி பழைய கருவியின் எந்த இடத்தில் பூட்டப்படுகிறது, எதைத் துளைக்கிறது, எதன்மேல் பாரத்தை இறக்குகிறது, வேண்டாமென்றால் கழற்ற முடியுமா என்பதெல்லாம் மெக்கானிக் சமாச்சாரம் என்று விட்டுவிடப்படுகின்றன. அரசியல் குடியிருப்பது அங்கேதான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இதற்கு எடுத்துக்கொள்ளும் உதாரணம் ஆர்ச்டாப் கிட்டாரில் மிதக்கும் பிக்கப்பும் பிக்கார்டும் பொருத்துகிற வேலை. பட்டுத்தறிச் சத்தத்தில் வாழ்கிற ஆரணியில் உட்கார்ந்துகொண்டு கிட்டாரைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. இரண்டும் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய இழைகளால் ஆனவை. பாவு தளர்ந்தால் துணி இல்லை, தந்தி தளர்ந்தால் சுருதி இல்லை. இரண்டின் மேலும் ஒட்டுக்கருவிகள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. கிட்டாரில் பிக்கப், தறியில் ஜக்கார்டு. இப்போது தறிக்கு மோட்டாரும் வருகிறது. கிட்டார்க்காரர்கள் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளாக ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்: மேல்பலகையை வெட்டலாமா, கூடாதா? அந்தக் கேள்வியைக் குழித்தறியிடம் கொண்டுபோய்க் கேட்டால் என்ன கிடைக்கிறது என்று பார்க்கலாம்.

2

மெல்லிசைக் குழுக்களிலும் ஜெபக்கூட்டங்களிலும் நாம் பார்க்கும் சாதாரணக் கிட்டாரின் மேல்பலகை தட்டையானது. நடுவில் வட்டத்துளை. தந்திகள், பலகையோடு ஒட்டிய குதிரையிலேயே கட்டப்பட்டிருக்கும். ஆர்ச்டாப் வேறு வகை. இதன் மேல்பலகை வயலினைப்போல நடுவில் மேடிட்டு ஓரத்தில் சரியும். கெட்டியான ஸ்புரூஸ் மரத்தை இந்த வடிவத்துக்கு உளியால் செதுக்கி எடுப்பதுதான் அசல் முறை. வட்டத்துளைக்குப் பதில் ரோமன் எழுத்து ‘எஃப்’ வடிவத்தில் இரண்டு துளைகள். குதிரை எதிலும் ஒட்டப்படவில்லை, தந்திகளின் அழுத்தத்தில் மட்டுமே நிற்கிறது. தந்திகளின் மறுமுனை உடலின் அடிவிளிம்பில் பூட்டிய வால்பிடியில் போய்ச் சேர்கிறது. வீணையின் நாகபாசத்தைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது. விரல்பலகையின் முனையும் மேல்பலகையின்மேல் படியாமல் அதற்குச் சற்று உயரே அந்தரத்தில் நிற்கிறது. இந்த அந்தரம் முக்கியம். பிக்கப் வந்து உட்காரப்போகும் இடம் அதுதான்.

அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்துக் கலமாசூ நகரில் ஆர்வில் கிப்சன் என்பவர் இப்படிச் செதுக்கிய மேல்பலகைக்கு 1898இல் காப்புரிமை பெற்றார். 1902இல் அவர் பெயரில் நிறுவனம் வந்தது. 1920களின் தொடக்கத்தில் அங்கு வேலை பார்த்த லாயிட் லோர் காலத்தில் எஃப் துளையோடு எல்-5 என்ற கிட்டார் வெளிவந்தது. நடன மண்டபங்களில் டிரம்பட், சாக்ஸஃபோன் கூட்டத்துக்கு நடுவே கிட்டார் காதில் விழ வேண்டும் என்பதுதான் தேவை. மின்சாரம் வருவதற்கு முன் அந்தச் சத்தத்தை மரத்திடமிருந்துதான் வாங்கியாக வேண்டியிருந்தது.

அப்படியும் தாளத்துக்குத்தான் இடம் கிடைத்தது. கவுண்ட் பேசியின் குழுவில் 1937 முதல் 1987இல் இறக்கும் வரை வாசித்த ஃபிரெட்டி கிரீன் பெரும்பாலும் ஒலிபெருக்கியே இல்லாமல், தனி ஆவர்த்தனமும் இல்லாமல், தாளத்தை மட்டும் தாங்கிக்கொண்டிருந்தார். கிட்டாரைப் பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்குக் கொண்டுவந்தது பிக்கப். 1936இல் கிப்சன் வெளியிட்ட ஈஎஸ்-150 கிட்டாரோடு, 1939இல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன் என்ற கறுப்பின இளைஞர், ஊதுகருவிக்காரர்களைப்போல ஒற்றைச் சுரங்களில் நீளமாகப் பேசினார். 1942இல், 25 வயதில், காசநோயில் இறந்துபோனார். அந்த மூன்றாண்டுகளுக்குள் கிட்டாருக்கு வாய் திறந்துவிட்டது.

ஆக, ‘மின்சாரம் தொட்டால் தீட்டு’ என்கிற சுத்தவாதத்துக்கு இங்கே இடமில்லை. யார் குரல் கேட்கிறது என்பது அதிகாரப் பிரச்சினை, வால்யூம் அதன் ஒரு பெயர். ஒட்டுக்கருவி வேண்டுமா வேண்டாமா என்பதல்ல நம் கேள்வி. அது எப்படி ஒட்டப்படுகிறது என்பதே.

3

ஈஎஸ்-150இல் கனத்த காந்தங்கள் மேல்பலகைக்கு அடியில் தொங்கின. பலகையை வெட்டித்தான் அதன் முனை வெளியே வந்தது. 1951இல் எல்-5 கிட்டாரின் மின் வடிவம் வந்தபோது இரண்டு பெரிய சதுரங்கள் வெட்டப்பட்டு இரண்டு பிக்கப்புகள் பலகைக்குள்ளேயே உட்கார்ந்தன. இதில் நியாயம் இல்லாமல் இல்லை. மெலிதாகச் செதுக்கிய பலகை ஸ்பீக்கரின் சத்தத்துக்குத் தானும் அதிரும். அந்த அதிர்வு மீண்டும் பிக்கப் வழியாக ஸ்பீக்கருக்குப் போகும். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் மைக் கூவும். பலகையைக் கனமாக்கி, வெட்டி, பிக்கப்பை இறுக்கிப் பூட்டினால் கூவல் குறைகிறது. ஆனால் பலகையின் வேலை மாறிவிடுகிறது. பாடிக்கொண்டிருந்த மரம் பிக்கப்பைத் தாங்கும் சட்டமாகிவிடுகிறது.

இன்னொரு வழியும் கூடவே இருந்தது. ஓஹாயோ மாநிலத்து டோலிடோ நகரில் ஹாரி டிஆர்மண்ட் 1930களில் கழற்றி மாட்டுகிற பிக்கப்பைச் செய்தார். 1948இல் கிப்சன் நிறுவனமே, டெட் மெக்கார்ட்டியின் வடிவமைப்பில், பிக்கப்பையும் குமிழையும் பிக்கார்டிலேயே பொருத்தி விற்றது. பிக்கார்டு என்பது வாசிக்கும் விரல்கள் பலகையைக் கீறாமல் தாங்க வைத்திருந்த தட்டு. ஆர்ச்டாப்பில் அது பலகையோடு ஒட்டாமல் சற்று உயரே நிற்கும். விரல் சாய்ந்த அந்தத் தட்டே பிக்கப்புக்கும் மேடையானது. 1961இல் வந்த ஜானி ஸ்மித் கிட்டாரிலும் மிதக்கும் பிக்கப்தான்.

தெரிதா 1967இல் ரூசோவை வாசிக்கும்போது ‘சப்ளிமெண்ட்’ என்ற சொல்லைப் பிடித்து நிறுத்துகிறார். அது முழுமையாக இருக்கும் ஒன்றோடு வெளியிலிருந்து கூடுவது. அதே சமயம் அதன் இடத்தையே எடுத்துக்கொள்வது. கூட வேண்டியிருக்கிறது என்றாலே முதலில் இருந்தது முழுமையில்லை என்று ஆகிவிடுகிறது. பிக்கப்பின் கதை இதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் ஒரு வித்தியாசத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கூடிய ஒன்று இடத்தைப் பிடிக்குமா, கூடவே நிற்குமா என்பது மொழியில் மட்டும் தீர்மானமாவதல்ல. நாலு திருகாணியிலும் தீர்மானமாகிறது.

4

சரி, அந்த நாலு திருகாணி எங்கே போகிறது? வேலையை வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் அளவு. ஒரு தந்தியைக் கடைசி மெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, விரல்பலகை முடிகிற இடத்தில் தந்திக்கும் மேல்பலகைக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் இருக்கும். பிக்கப்புக்கு மேலே 2 அல்லது 3 மில்லிமீட்டர், கீழேயும் அதே அளவு காற்று வேண்டும். இதற்குள் அடங்கும் மெல்லிய பிக்கப்பைத்தான் தேட வேண்டும். கிடைத்த பிக்கப்பை வாங்கிவந்து இடத்தை அதற்கேற்ப மாற்றுவது தலைகீழ் வேலை. பிக்கப்பின் காந்தமுனைகள் தந்திகளுக்கு நேராக வருகின்றனவா என்பதும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, தந்திகளை ஒரே மூச்சில் கழற்றக் கூடாது. குதிரை அழுத்தத்தில் மட்டுமே நிற்பது, அழுத்தம் போனால் நகர்ந்துவிடும், சுருதி போய்விடும். குதிரையின் காலடியில் இரண்டு பக்கமும் காகித டேப் ஒட்டி இடத்தைக் குறித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, பிக்கார்டு. அட்டையில் வரைந்து வெட்டி, கிட்டார்மேல் வைத்துப் பார்த்து, சரியானபின் 3 மில்லிமீட்டர் தகட்டில் வெட்ட வேண்டும். பெயர்ப்பலகை செய்பவர்களிடம் கிடைக்கும் அக்ரிலிக் போதும். பழைய செல்லுலாய்டு அழகாயிருக்கும், ஆனால் காலப்போக்கில் சிதைந்து, அதிலிருந்து வரும் அமில ஆவி பக்கத்திலுள்ள உலோகத்தை அரிக்கும். பிக்கார்டைப் பிடிக்க இரண்டு இடங்கள்: விரல்பலகையின் பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகாணி, கிட்டாரின் இடுப்பில், பக்கப்பலகையில், ஒரு பித்தளைக் கோணம். மேல்பலகையில் எதுவும் இல்லை. தகடு எங்கேயாவது பலகையைத் தொட்டால் கிர்ரென்று அதிரும், தொடும் இடத்தில் ஃபெல்ட் துணித்துண்டு வைக்க வேண்டும்.

நான்காவது, பிக்கப். பிக்கார்டின் உள்விளிம்பில் ஒரு தகட்டுக் கோணத்தில் அது தொங்குகிறது. அல்லது விரல்பலகை முனையின் பக்கவாட்டில் பூட்டப்படுகிறது. உயரத்தைக் கட்டைத்தந்திப் பக்கம் சற்றுத் தாழ்த்தி வைத்தால் சத்தம் சமமாகும். இந்தப் பிக்கப் காந்தத்தில் வேலை செய்வது. எஃகும் நிக்கலும் அதற்குக் கேட்கும், வெண்கலம் சுற்றிய தந்தியின் சுற்று கேட்காது. ஆகவே தந்தியையும் மாற்ற வேண்டியிருக்கும். துளைக்காத ஒட்டு என்றாலும் அதற்கும் விலை உண்டு.

ஐந்தாவது, குமிழும் வயரும். பிக்கார்டின் அடிப்பக்கத்தில், விளிம்பில் விரல்நுனியால் உருட்டும்படி சின்ன வால்யூம் குமிழை ஒட்டலாம். பின்னல் உறை போட்ட வயரை ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். ஆம்பிளிஃபயர் பழுதுபார்ப்பவருக்கு இது கால்மணி நேர வேலை.

ஆறாவது இடத்தில்தான் ‘துளையே இல்லை’ என்ற பேச்சு தடுமாறுகிறது. வயர் வெளியேற வழி வேண்டும். பலரும் கிட்டாரின் அடிமுனையில் வால்பிடியைத் தாங்கும் பொத்தானைக் கழற்றி, அத்துளையை ஏறத்தாழ 12 மில்லிமீட்டராகப் பெருக்கி அங்கே ஜாக்கை வைக்கிறார்கள். பாடும் பலகை தப்பித்தது, பாரம் தாங்கும் கட்டைதான் துளைபட்டது. அதுவும் வேண்டாமென்றால் ஜாக்கைப் பிக்கார்டின் விளிம்பிலோ வால்பிடியிலோ கவ்வவைக்கலாம். எந்த ஒட்டும் எங்கேயாவது ஒரு இடத்தைத் தொட்டே தீரும். தொடாதது போன்ற தோற்றத்தை நம்பாமல், தொடும் இடம் எது என்று கேட்பதுதான் சரியான விசாரணை.

கடைசியாக எர்த். வால்பிடியிலிருந்து ஒரு கம்பி ஜாக்கின் எர்த் முனைக்குப் போக வேண்டும். அப்போதுதான் தந்தியைத் தொட்டதும் இரைச்சல் அடங்கும். இதன் பொருள், வாசிப்பவரின் உடம்பும் மின்சுற்றோடு சேர்ந்துவிடுகிறது என்பது. திருவிழா மேடையில் ஆம்பிளிஃபயர் பிளக்கில் எர்த் முள் இல்லாமல், கொக்கி போட்டு இழுத்த மின்சாரத்தில் வாசித்தால், தந்தியில் கை, மைக்கில் வாய் என்று இருப்பவருக்கு ஷாக் அடிக்கலாம். உயிரும் போகலாம். மரத்தைத் துளைக்காததைப் பெருமையாகச் சொல்பவர்கள் இந்த இன்னொரு உடலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று சொல்லியாக வேண்டும். நம் கடைகளில் வரும் மலிவான எஃப் துளைக் கிட்டார்கள் பலவும் செதுக்கியவை அல்ல, ஒட்டுப்பலகையை அழுத்தி வளைத்தவை. அவற்றை வெட்டினால் பெரிதாக ஒன்றும் குடிமுழுகிவிடாது. வெட்டக் கூடாது என்கிற பக்தி ஒலியிலிருந்து மட்டும் பிறந்ததல்ல. வெட்டாத பழைய கிட்டாருக்குச் சந்தையில் விலை அதிகம். புனிதம் பல நேரம் மறுவிற்பனை மதிப்பின் இன்னொரு பெயர்.

5

பிக்கப்புக்குள் என்ன இருக்கிறது? காந்தம், அதைச் சுற்றி மெல்லிய செம்புக்கம்பி. அவ்வளவுதான். தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது, கம்பிச்சுருளில் மின்சாரம் பிறக்கிறது. கம்பியின் தடிமன் பெரும்பாலும் 0.06 மில்லிமீட்டரை ஒட்டியது, முடியைவிட மெலிது. ஒரு சுருளுக்கு ஐயாயிரம் சுற்று முதல் எட்டாயிரம் சுற்று வரை போகும். இழுத்துப் பிடித்தால் அறுந்துபோகும், தளர்த்தினால் சுருள் தொளதொளக்கும். இழையின் இழுவையை விரல் உணர்ந்து விட்டுக்கொடுக்க வேண்டும்.

ஆரணியில் இந்த வேலையை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தார் சுற்றுவது இதே வேலைதான். ஊடைப் பட்டு நாடாவுக்குள் போவதற்கு முன் சின்னக் குழலில் சீராகச் சுற்றப்பட வேண்டும். சுற்று சரியில்லையென்றால் ஓட்டத்தில் இழை அறும். இதை வீட்டுப் பெண்களும் வயதானவர்களும் செய்கிறார்கள். பட்டுத்தொழிலில் பிள்ளைகளும் செய்தார்கள் என்பது பதிவாகியிருக்கிற வரலாறு. சேலைக்கு இவ்வளவு என்று பேசப்படும் கூலி தறியில் உட்காருபவர் கையில் வருகிறது. தார் சுற்றியவருக்கென்று தனிக்கணக்கு பெரும்பாலும் இல்லை. ‘ஊட்டு வேலதானே’ என்று அது கரைந்துபோகிறது.

கிட்டார் உலகத்திலும் சுற்றியது பெண்கள்தான். கலிஃபோர்னியாவின் ஃபெண்டர் தொழிற்சாலையில் 1956இல் சேர்ந்த அபிகெயில் இபாரா பல பத்தாண்டுகள் பிக்கப் சுற்றினார். அங்கே சுற்றியவர்கள் அடியில் தேதியோடு தங்கள் பெயரெழுத்தையும் எழுதிவைக்கும் வழக்கம் இருந்தது. தரம் பார்க்க வைத்த அந்த அடையாளம் பின்னால் சேகரிப்பாளர்களுக்கு முத்திரையானது. 2013இல் அவர் ஓய்வுபெறுவதற்குள் அவர் கையால் சுற்றியவை என்பதே தனி விலையாகிவிட்டது. இதில் சந்தையின் தந்திரம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் ஒரு பெயரெழுத்து எழுத இடம் இருந்ததால்தான் பின்னால் ஒரு பெயரைச் சொல்ல முடிந்தது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அந்தக் குறியீடு ஊரின் பெயரைச் சொல்கிறது. எந்தக் கையும் அதில் பெயரெழுத்து எழுதியதில்லை.

6

நம் வாத்தியங்களில் இதே சிக்கல் வீணைக்கு வந்தது. மெல்லிய குரல் கொண்ட வீணை, மைக் வைத்த சபாவில் பிடிலுக்கும் மிருதங்கத்துக்கும் முன்னால் நிற்க வேண்டியிருந்தது. குடத்தின் மேல்பலகையில் ஒட்டும் காண்டாக்ட் மைக் வந்தது. அது காந்தத்தில் அல்ல, அதிர்வில் வேலை செய்வது. எந்த உலோகத் தந்தியாயிருந்தாலும் பரவாயில்லை. துளை வேண்டாம், பிசின் போதும். ஆனால் விரல் உரசுவதும் மெட்டில் தட்டுவதும் சேர்ந்தே பெரிதாகிக் கேட்கும். காந்தப் பிக்கப்பைத் தந்திக்கு அடியில் வைத்தாலோ பித்தளைத் தந்தி அதற்குக் கேட்காது.

வீணை தன்னளவிலேயே கழற்றிக் கட்டும் தத்துவத்தில் அமைந்தது என்பதை இங்கே கவனிக்கலாம். அதன் 24 மெட்டுகளும் மெழுகில் உட்கார்ந்திருக்கின்றன. மெழுகு தேய்ந்தால் மேளம் கட்டுபவர் வந்து உருக்கி, காதால் கேட்டு, மறுபடி வைப்பார். திரும்பிப் போக வழி வைத்திருப்பது ஏதோ மேற்கத்தியக் கண்டுபிடிப்பு அல்ல. இதற்கு எதிர்த்திசையில் போனவர் மாண்டலின் ஸ்ரீநிவாஸ் (1969–2014). அவர் எடுத்துக்கொண்டது உடம்பே இல்லாத, கட்டைமரத்தால் ஆன மின் மாண்டலின். இரட்டைத் தந்திகளை ஒற்றையாக்கி, ஐந்து தந்தியாக்கி, கமகத்துக்கு வளைத்தார். அங்கே காப்பாற்ற வேண்டிய பழைய பலகை இல்லை. துளைக்காதது எப்போதும் நல்லது என்று நாம் சட்டம் எழுதவில்லை. யார், எதற்காக, எதைத் தெரிந்துகொண்டு துளைக்கிறார் என்பதே கேள்வி. ஸ்ரீநிவாஸ் விஷயத்தில் முடிவெடுத்த கையும் வாசித்த கையும் ஒன்றாயிருந்தன.

7

இனித் தறி. பட்டுச் சேலையின் கரையிலும் முந்தியிலும் உரு எடுக்க முன்பு ‘அடை’ என்ற முறை இருந்தது. எந்தப் பாவிழை எப்போது மேலே வர வேண்டும் என்பது நூல்கட்டுகளாகக் கட்டிவைக்கப்பட்டிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்த துணையாள், பெரும்பாலும் ஒரு சிறுவர், அவற்றை இழுப்பார். ஜக்கார்டு வந்தது. பிரான்சின் லியோன் நகரில் ழோசஃப் மரி ஜக்கார்டு 1804இல் ஒழுங்குபடுத்திய கருவி அது. ஓட்டை குத்திய அட்டை, கொக்கி, ஊசி. ஓட்டை இருந்தால் இழை எழும், இல்லாவிட்டால் எழாது. துணையாள் வேலை போய்விட்டது. இழுத்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு அது விடுதலை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஜக்கார்டு எப்படி ஒட்டப்படுகிறது? மிதக்கும் பிக்கப்பைப் போலத்தான். தறியின் உடம்பு வெட்டப்படுவதில்லை. குழி அப்படியே, படைமரம் அப்படியே, அச்சுப்பலகை அப்படியே. மேலே ஒரு சட்டத்தில் பெட்டி உட்காருகிறது, அங்கிருந்து நூல்கள் இறங்கிப் பாவைத் தொடுகின்றன. திருகாணிக் கணக்கில் இது உத்தமமான ஒட்டு. ஆனால் பாரம் எங்கே இறங்குகிறது? முதலில் வீட்டின் மேல். பெட்டிக்கும் அட்டைச் சரத்துக்கும் உயரம் வேண்டும். லியோனின் க்ருவா ரூஸ் மேட்டில் நெசவாளர் வீடுகள் 4 மீட்டர் உயரக் கூரையோடு கட்டப்பட்டதே இதற்காகத்தான். தாழ்ந்த ஓட்டுவீட்டுக்காரர் கூரையை உயர்த்த வேண்டும், முடியாவிட்டால் உயரக் கூரை வைத்திருப்பவரின் இடத்துக்கு நெய்யப் போக வேண்டும். இரண்டாவது பாரம் காலின் மேல். கொக்கிகளையும் அவற்றில் தொங்கும் எடையையும் ஒவ்வொரு ஊடைக்கும் மிதித்துத் தூக்க வேண்டும். மூன்றாவது பாரம் முன்பணக் கணக்கின் மேல். பெட்டிக்கும் அட்டைக்கும் காசு போட்டவர் யாரோ அவருக்கே சேலை போகும். ‘எல்லாம் கூலில கழிச்சிக்கலாம் நைனா’ என்ற ஒரு வாக்கியத்தில் சொந்தத் தறி கூலித்தறி ஆகிவிடும்.

நான்காவதுதான் முக்கியமானது. உரு முன்பு கட்டுகளில், அதாவது கட்டத் தெரிந்தவர் அறிவில், தறியோடு இருந்தது. இப்போது அட்டையில் இருக்கிறது. அட்டை கழற்றி எடுத்துச் செல்லக்கூடியது. அட்டையைக் குத்தியவர் வேறு, அதற்குக் காசு கொடுத்தவர் வேறு, நெய்பவர் வேறு. எலக்ட்ரானிக் ஜக்கார்டில் அட்டையும் போய், உரு ஒரு பென் டிரைவில் அடங்கிவிடுகிறது. மிதக்கும் பிக்கப்பைக் கழற்றினால் கிட்டார் பழைய கிட்டாராகிவிடும். ஜக்கார்டைக் கழற்றினால் தறி திரும்ப வரும், அடை கட்டத் தெரிந்த ஆள் திரும்ப வரமாட்டார். மரத்தில் துளை இல்லை. துளை அறிவில் விழுந்திருக்கிறது.

இந்த இடத்திலிருந்து மோட்டாரைப் பார்க்க வேண்டும். ஜக்கார்டைத் தூக்க மோட்டாரோ காற்றழுத்தக் கருவியோ பொருத்துவது இப்போது அரசுத் திட்டங்களிலேயே இருக்கிறது. முழங்கால் தேய்ந்த நெசவாளருக்கு, பெண்களுக்கு, அது சாதாரண நிவாரணம் இல்லை. ஆனால் உடனே கேள்வி வருகிறது: மோட்டார் வைத்தபின் அது கைத்தறிதானா? கைத்தறிக்கு ரக ஒதுக்கீடு செய்யும் சட்டம் 1985இல் வந்தது. 1993இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. இன்று 11 ரகங்கள் கைத்தறிக்கென ஒதுக்கப்பட்டுள்ளன, சேலையும் அதில் ஒன்று. சட்டத்தின்படி விசைத்தறி அல்லாத தறி எதுவோ அதுவே கைத்தறி. 2010களில், நெசவின் ஏதேனும் ஒரு வேலை மனித ஆற்றலால் நடந்தால் போதும், அதையும் கைத்தறியாகக் கொள்ளலாம் என்று வரையறையைத் தளர்த்தும் யோசனை எழுந்தது. நெசவாளர் அமைப்புகள் எதிர்த்தன. எதிர்த்தது சரியே. அந்தக் கதவு திறந்தால், பெயருக்கு ஒரு கையை வைத்துக்கொண்டு விசைத்தறி முழுக்க உள்ளே வந்துவிடும்.

ஆனால் இந்த விவாதம் முழுவதும் ஆற்றலைப் பற்றியே நடந்தது. காலா, கரண்டா? மார்க்ஸ் ‘மூலதன’த்தின் முதல் பாகத்தில் (1867) எந்திரத்தை மூன்றாகப் பிரிக்கிறார்: இயக்குவிசை, கடத்தும் அமைப்பு, வேலை செய்யும் கருவி. தொழிற்புரட்சி தொடங்கியது இயக்குவிசையில் அல்ல, கருவி தொழிலாளி கையைவிட்டு எந்திரத்துக்குப் போனதில் என்கிறார். இதைத் தறியில் வைத்துப் பார்த்தால், நெசவாளரிடமிருந்து பெரியதொன்று வெளியேறியது ஜக்கார்டு நாளில். மோட்டார் எடுப்பது காலின் உழைப்பை. அட்டை எடுத்தது உருவின் மேலிருந்த அதிகாரத்தை. சட்டம் முதலாவதை எண்ணிக்கொண்டிருக்கிறது, இரண்டாவதற்கு அதனிடம் சொல்லே கிடையாது. 1831இல் லியோன் நெசவாளர்கள் தெருவுக்கு வந்தபோது ஜக்கார்டை உடைக்க வரவில்லை. கூலி விகிதத்தை நிர்ணயிக்கச் சொல்லி வந்தார்கள். பெட்டி தறிமேல் இருக்கட்டும், அதன் பலன் யாருக்கு என்பதே அவர்கள் தகராறு.

8

கிட்டார் வேலை நமக்குத் தருவது ஒரு தத்துவம் அல்ல, மூன்று கேள்விகள்.

இதன் எடை எங்கே உட்காருகிறது? பாடும் பலகையிலா, தாங்கும் கட்டையிலா, கூரையிலா, முழங்காலிலா, கடன் நோட்டிலா?

கழற்ற முடியுமா? கழற்றினால் மரம் மட்டும் திரும்புமா, தெரிந்திருந்த வேலையும் திரும்புமா?

குமிழ் யார் கையில்? மிதக்கும் பிக்கப்பின் வால்யூம் குமிழ் வாசிப்பவரின் விரல்நுனியில் இருக்கும்படி பிக்கார்டின் விளிம்பில் வைக்கப்படுகிறது. ஜக்கார்டின் குமிழ் அட்டையில் இருக்கிறது, அட்டை முதலாளி வீட்டில் இருக்கிறது.

இவற்றைக் கோரிக்கைகளாக மாற்றுவது கடினமல்ல. மோட்டாரோ எலக்ட்ரானிக் ஜக்கார்டோ மானியத்தில் வரும்போது, உருவின் பிரதி ஒன்று நெய்பவரிடமும் சங்கத்திடமும் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். கருவிக்கான கடன் சேலைக்கூலியிலிருந்து தனியாக, எழுத்தில் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். தார் சுற்றும் கூலி தனிவரியாகச் சீட்டில் வர வேண்டும் என்று கேட்கலாம். அடை கட்டத் தெரிந்த கைகள் மிச்சம் இருந்தால், அவர்களைக் கூலி கொடுத்து உட்காரவைத்து இளையவர்களுக்குச் சொல்லித்தரச் செய்யலாம். கண்காட்சிக்காக அல்ல, கழற்றினால் திரும்பிவர ஒரு இடம் இருக்க வேண்டும் என்பதற்காக. வரையறையைத் தளர்த்தாதே என்று சொல்லும் அதே வாயால், காலுக்கு நிவாரணம் கொடு என்றும் சொல்ல முடியும். இரண்டுக்கும் முரண் இல்லை. முரண் இருப்பதாகக் காட்டுவது, திருகாணியைப் பார்க்க விரும்பாதவர்களுக்குத்தான் வசதி.